கணக்கு ரீச்சர் பதில்கள்: ஆயிரம் வெற்றியா, பதினெட்டுப் பட்டமா?

கேள்வி: ரீச்சர், எனக்கு இரண்டு பேரன்மார். மூத்த மகளின் பொடியன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், இளைய மகளின் பொடியன் அலபாமாவில். சனிக்கிழமை வந்தால் வட்ஸ்அப்பில் இருவருக்கும் சண்டைதான். "எங்களுக்கு 1000 வெற்றி, வேறு ஆருக்கு இருக்கு?" என்கிறான் ஒருவன். "எங்களுக்கு 18 சாம்பியன் பட்டம்" என்கிறான் மற்றவன். கடைசியில் "அம்மப்பா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நூற்றைம்பது வருடத்துப் புள்ளிவிபரம் முழுவதும் இருக்கிறதாம். கணக்குப் போட்டால் எந்தக் கல்லூரி பெரிது என்று வந்துவிடாதா?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், சுன்னாகம்

பதில்: ஐயா, பேரன்மார் இருவரும் சொன்ன எண்கள் சரியானவை. சிக்கல் என்னவென்றால் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் மற்ற வாசகர்களுக்காக ஒன்று. அங்கே 'புட்போல்' என்றால் நம்முடைய உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். கண்டிப் பக்கம் ஆடுகிற றகருக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற பிள்ளைகளின் ஆட்டம்தானே என்று நினைத்தால் பிழைவிடுவீர்கள். என் தங்கை வீட்டில் மூன்று மாதம் நின்றபோது ஆன் ஆபர் என்ற ஊரில் மிச்சிகன் அணியின் மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். அதில் 1,07,601 பேர் இருந்து பார்க்கலாம். யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் சீவிக்கிற சனம் முழுவதும் வந்து இருந்தாலும் இடம் மிஞ்சும். நான் என் பாட்டுக்குக் கைப்பைக்குள் இருந்த சின்னக் கொப்பியை எடுத்துப் புள்ளி எழுதத் தொடங்கிவிட்டேன். என் அப்பாவிடம் இருந்து வந்த பழக்கம் அது. அன்று பிடித்த ஆர்வம் இன்றுவரை விடவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைக் கண்டதும் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எடுத்தேன்.

இப்போது கணக்கு. மிச்சிகன் தன் 1000ஆவது வெற்றியை 2023 நவம்பர் 18இல் மேரிலாண்டை 31–24 என்று வென்று எடுத்தது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கல்லூரி அதுதான். ஆனால் மிச்சிகன் ஆடத் தொடங்கியது 1879இல், அலபாமா தொடங்கியது 1892இல். பதின்மூன்று வருடம் முந்திக் கடை திறந்தவனின் கல்லாப்பெட்டியையும் பிந்தித் திறந்தவனின் கல்லாப்பெட்டியையும் அப்படியே பக்கத்தில் வைத்து எண்ணலாமா? வெற்றி வீதத்தை எடுங்கள் என்பீர்கள். எடுத்தால் மிச்சிகன், அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் மூன்றும் நூற்றுக்கு 73 அளவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பட்டியலின் மேற்பக்கத்தில் பொய்சி ஸ்டேட் என்ற கல்லூரியும் நிற்கும். அது 1996இல்தான் மேல்பிரிவுக்கு வந்தது. கீழ்ப்பிரிவில் எடுத்த வெற்றிகளையும் அந்த வீதம் சுமந்துகொண்டு வருகிறது. பொய்சி இலேசான அணி என்று நான் சொல்லவரவில்லை. 2007 புத்தாண்டு தினத்தில் ஒக்லஹோமாவையே 43–42 என்று வென்றவர்கள். ஆனாலும் வீதம் மட்டும் பார்த்தால், ஆரோடு ஆடினாய் என்ற கேள்வி அதற்குள் இல்லை.

அடுத்தது 18 பட்டம். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும், ஐயா. மேல்பிரிவில் சாம்பியன் பட்டத்தை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கொடுப்பதில்லை. பத்திரிகையாளர் வாக்குகள், பயிற்றுநர் வாக்குகள், கணிதக்காரரின் பட்டியல்கள் என்று பலர் பலரைச் சாம்பியன் என்றார்கள். கல்லூரிகள் அவற்றில் விரும்பியதை எடுத்துத் தங்கள் சுவரில் எழுதிக்கொண்டன. பிரின்ஸ்டன் 28 பட்டம் என்கிறது, யேல் 27 என்கிறது. அவற்றில் பெரும்பகுதி, நாலைந்து கல்லூரிகள் மட்டும் வலுவாக ஆடிய 1800களின் கடைசிக் காலத்துக்குரியது.

அலபாமாவின் 18க்குள் 1941 ஒன்று இருக்கிறது. அந்த வருடம் அவர்கள் 9 வெற்றி, 2 தோல்வி. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்திரிகையாளரிடம் வாக்கெடுத்து வெளியிட்ட பட்டியலில் 20ஆம் இடம். ஒரு கணித முறைப் பட்டியல் மட்டும் அவர்களை முதலில் போட்டது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் அந்தக் காலத்திலேயே இல்லை. 1980களில் அவர்களின் விளையாட்டுத் தகவல் பிரிவு, 1941 உட்பட ஐந்து பழைய பட்டங்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. மிச்சிகனும் சும்மா இல்லை. அவர்கள் சொல்லும் 12 பட்டங்களில் 8, 1936க்கு முந்தியவை.

1936 என்று ஏன் சொல்கிறேன் என்றால் அசோசியேட்டட் பிரஸ் பட்டியல் அந்த வருடம்தான் ஒழுங்காகத் தொடங்கியது. அன்று தொட்டு ஒரே அளவுகோல் இருக்கிறது. அதில் முதலிடங்களை எண்ணினால் அலபாமா 12, நொட்ரடாம் 8, ஒக்லஹோமா 7, ஒஹாயோ ஸ்டேட் 6. மிச்சிகனுக்கு 1948, 1997, 2023 என்று மூன்றுதான்.

இந்த அளவுகோலுக்கும் கோணல் உண்டு. 1968க்கு முன்னர், 1965ஐத் தவிர, கடைசி வாக்கெடுப்பைப் பருவ இறுதியில் வரும் பெரிய ஆட்டங்களுக்கு முன்னரே நடத்தி முடித்துவிடுவார்கள். 1964இல் அலபாமாவைச் சாம்பியன் என்று அறிவித்தாயிற்று. புத்தாண்டு தினத்தில் நடந்த ஒரேஞ்ச் பௌல் ஆட்டத்தில் அவர்கள் டெக்சாசிடம் 21–17 என்று தோற்றார்கள். பட்டம் பட்டமாகவே நின்றது. பயிற்றுநர்களின் பட்டியல் இன்னும் சில வருடம் அதே பிழையைச் செய்தது. 1973இல் அலபாமாவைச் சாம்பியன் என்றார்கள், பிறகு சுகர் பௌலில் நொட்ரடாம் அவர்களை 24–23 என்று வென்றது. பரீட்சையின் கடைசி வினாத்தாளை எழுத முன்னரே பெறுபேறு ஒட்டிய மாதிரி. நான் கணக்குப் போட்டால் இந்த இரண்டையும் அலபாமாவின் பக்கத்தில் முழுதாக எழுதமாட்டேன்.

இனி, நான் ஒரு ஆசிரியையாக விரும்புகிற முறையைச் சொல்கிறேன். பேரன்மாருக்கும் அனுப்புங்கள்.

நாலு அணிகள்: க, ச, ட, த. நம்முடைய உதைபந்தாட்டமாகவே இருக்கட்டும். க அணி ச அணியை 2 கோல் வித்தியாசத்தில் வெல்கிறது. ச அணி ட அணியை 3 கோலால் வெல்கிறது. த அணி ட அணியை 4 கோலால் வெல்கிறது. வெற்றி வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் த அணிதான் முதல், நாலு கோலால் வென்றிருக்கிறது. ஆனால் வென்றது ஆரை? ட அணியை. ட அணியை ச அணியும் மூன்று கோலால் வென்றிருக்கிறது, அந்தச் ச அணியையே க அணி இரண்டு கோலால் வென்றிருக்கிறது. அப்படியானால் க அணி ட அணியைவிட 5 கோல் மேலே, த அணி 4 கோல்தான் மேலே. க அணியும் த அணியும் ஒருநாளும் சந்திக்கவில்லை, ஆனாலும் க முதலாவது.

ஒரு அணியின் தரம், அதன் சராசரி வித்தியாசமும் எதிரணிகளின் சராசரித் தரமும் சேர்ந்தது என்பதுதான் அந்தச் சூத்திரம். எதிரணியின் தரம் அதன் எதிரணிகளில் தங்கியிருக்கும், அவர்களுடையது இன்னும் சிலரில். ஆகவே ஒருதரம் போட்டு முடியாது. போட்டு, விடையை உள்ளே திரும்பப் போட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை செய்யவேண்டும். 130க்கு மேற்பட்ட அணிகளுக்கு இதைக் கையால் செய்வது நடக்கிற காரியம் இல்லை, கணினிக்கு ஒரு நொடி.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. 1916 ஒக்டோபர் 7இல் ஜோர்ஜியா டெக் அணி கம்பலாண்ட் என்ற சின்னக் கல்லூரியை 222–0 என்று வென்றது. பூச்சியத்துக்கு இருநூற்று இருபத்திரண்டு! அப்படியே சூத்திரத்துக்குள் போட்டால் அந்த ஒரு ஆட்டம் பருவம் முழுவதையும் விழுங்கிவிடும். அதனால் ஒரு அளவுக்கு மேலே போகும் வித்தியாசத்தை வெட்டிவிடுவார்கள். எந்த அளவில் வெட்டுவது? அதைக் கணக்கு சொல்லாது, ஒரு மனிதன் இருந்து யோசித்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

தீர்ப்புக் கேட்டீர்கள், தருகிறேன். 1936க்குப் பிறகு ஆர் அதிக உயரத்துக்குப் போனார்கள் என்பது கேள்வியானால் அலபாமா. நான் அரைகுறையாக எழுதிய 1964ஐக் கழித்தாலும் அவர்களை எட்ட ஆளில்லை. ஆர் தளராமல் நின்றார்கள் என்பது கேள்வியானால் ஒஹாயோ ஸ்டேட். அசோசியேட்டட் பிரஸ் வாராந்தப் பட்டியல்களில் அதிக தடவை பெயர் வந்தது அவர்களுக்குத்தான். மிச்சிகன் பேரனுக்கு மனம் நோகும். அவனுக்கு 1901ஐப் பற்றி ஒரு நல்ல செய்தி அடுத்த பதிலில் இருக்கிறது, வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரீச்சர், எங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பார்க்கிறார்கள். வேறு வேறு பாடம் எடுத்தவர்களை அதனால் ஒப்பிடலாம் என்று எங்கட சேர் படிப்பித்தவர். அதேமாதிரி வேறு வேறு காலத்து விளையாட்டு அணிகளையும் ஒப்பிடலாமா?
— உயர்தர மாணவி, நெல்லியடி

பதில்: ஒப்பிடலாம் பிள்ளை. உண்மையில் அதற்கு அதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது.

1901இல் மிச்சிகன் 11 ஆட்டம் ஆடி எதிரணிகளுக்கு எதிராக 550 புள்ளி எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூச்சியம். அதில் கடைசி ஆட்டம் 1902 புத்தாண்டு தினத்தில், முதலாவது றோஸ் பௌல். ஸ்டான்போர்டை 49–0 என்று வென்றார்கள். 2020இல் அலபாமா 13 ஆட்டம் ஆடி 13ஐயும் வென்றது, ஆனால் எதிரணிகள் புள்ளி எடுக்கத்தான் செய்தன. எது பெரிது?

புள்ளியை நேரே வைத்துப் பார்க்க முடியாது. 1901இல் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் 5 புள்ளி, 1912இல்தான் அது 6 ஆனது. பந்தை முன்னால் எறிவது 1906 வரை தடை. 1869 நவம்பர் 6இல் ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை 6–4 என்று வென்ற முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 25 பேர் நின்றார்கள். அது வேறு விளையாட்டு என்றே சொல்லலாம்.

அதனால் நீ சோதனை மண்டபத்தில் செய்வதைச் செய். அந்த வருடத்து அணிகள் எல்லாவற்றினதும் வெற்றி வித்தியாசங்களின் இடையை, அதாவது சராசரியை எடு. அந்த இடையைச் சுற்றி அணிகள் எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் நியம விலகலையும் எடு. ஒரு அணி இடையிலிருந்து எத்தனை நியம விலகல் மேலே நிற்கிறது என்று பார். ஒரு பேச்சுக்கு: ஒரு வருடம் நியம விலகல் 10, முதல் அணி இடையைவிட 25 மேலே, ஆகவே அதன் இசட் 2.5. இன்னொரு வருடம் நியம விலகல் 18, முதல் அணி 36 மேலே, ஆகவே இசட் 2. இரண்டாவது அணி கூடிய வித்தியாசத்தில் வென்றது, ஆனால் தன் காலத்து அணிகளிலிருந்து அதிகம் விலகி நின்றது முதலாவது. இதன்படி பார்த்தால் 1901 மிச்சிகன் சும்மா பழங்கதை இல்லை, தன் காலத்தை விட்டு வெகு தூரம் மேலே நின்ற அணி. சுன்னாகத்து அம்மப்பா இதைப் பேரனுக்குச் சொல்லட்டும்.

ஆனால் நீ கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், நீ இன்னும் கொஞ்ச நாளில் இதே இசட் புள்ளியை எதிர்பார்த்து நிற்கப் போகிறவள். இசட் புள்ளி சோதனை எழுதினவர்களுக்கு இடையில்தான் நியாயம் செய்யும். மண்டபத்துக்குள் விடப்படாதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கல்லூரி அணிகள் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடின. அலபாமா இருக்கும் தென்கிழக்குக் கல்லூரிகளின் போட்டிக் கூட்டமைப்பில் முதல் கறுப்பின வீரன் ஆடியது 1967இல், அதுவும் கென்டக்கிக்காக. 1969இல் சாம்பியனான டெக்சாஸ் அணியில் ஒரு கறுப்பின வீரனும் இல்லை. 1970 செப்டெம்பரில் தென் கலிபோர்னியா அணி பேர்மிங்ஹாம் நகருக்கு வந்து அலபாமாவை 42–21 என்று வென்றது. கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் அன்று பந்தோடு 135 யார் தூரம் ஓடினார். அடுத்த வருடம் அலபாமா அணியில் கறுப்பின வீரர்கள் ஆடினார்கள்.

அப்படியானால் அதற்கு முந்திய வருடங்களில் அந்தத் திறமையெல்லாம் எங்கே இருந்தது? கறுப்பினக் கல்லூரிகளில் இருந்தது. லூசியானாவின் கிராம்பிளிங்கில் எடி றொபின்சன் என்ற பயிற்றுநர் 1941இல் தொடங்கி 1997 வரை ஒரே கல்லூரியில் நின்று 408 ஆட்டம் வென்றார். 408! ஆனால் நான் சொல்லும் அந்த வருடங்களில் பெரிய வெள்ளையர் கல்லூரிகள் அவருடைய அணியோடு ஆடவில்லை. நான் முதல் பதிலில் சொன்ன சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? க அணி ச அணியைச் சந்தித்தது, ச ட அணியைச் சந்தித்தது, அந்தச் சங்கிலியால் க அணியையும் த அணியையும் ஒப்பிட்டோம். இங்கே சங்கிலி அறுந்து கிடக்கிறது. இரண்டு தீவுக்கு இடையில் வள்ளமே ஓடாவிட்டால் எந்தத் தீவின் மண் உயரம் என்று இங்கிருந்து அளக்க முடியாது. கணினி அப்போதும் ஒரு எண்ணைத் துப்பும். அந்த எண்ணை நம்பாதே.

தரவரிசையைத் தரப்படுத்தல் என்று எழுத என் கை இன்னும் தயங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்த விதம் அப்படி. தமிழில் எழுதிய பிள்ளை பல்கலைக்கழகத்தில் அதே இடத்துக்குக் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டும் என்று ஆனபோது என் மூத்த அண்ணன் சோதனை எழுதியிருந்தார். பெறுபேறு வந்த பிறகு அவர் தன் கேத்திரகணிதப் பெட்டியை எனக்குத் தந்துவிட்டு வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். அந்தப் பெட்டியில் இருந்த கவராயத்தால்தான் நான் முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று படிப்பித்தேன். பிறகு வந்த இசட் புள்ளி அதைவிட எவ்வளவோ நேர்மையான முறை. ஆனாலும் எந்தப் பட்டியலைக் கண்டாலும் முதலில் அதில் பேர் இல்லாதவர்களைத் தேடுகிற பழக்கம் எனக்கு அங்கே இருந்துதான் வந்தது. நீயும் தேடு பிள்ளை.

கேள்வி: மனிதர் வாக்களித்தால் பக்கச்சார்பு வரும். எல்லாவற்றையும் கணினியிடம் கொடுத்திருக்கலாமே?
— கணினி நிலைய உரிமையாளர், திருநெல்வேலி

பதில்: கொடுத்துப் பார்த்தார்கள் தம்பி. 1998 பருவம் முதல் 2013 வரை இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தெரிவு செய்ய மனிதர் வாக்குகளையும் கணினிப் பட்டியல்களையும் கலந்தார்கள். கடைசிக் காலத்தில் ஆறு கணினிப் பட்டியல்கள். வித்தியாசத்துக்காக இரக்கமில்லாமல் அடிப்பதை நிறுத்த, 2002இலிருந்து வெற்றி வித்தியாசத்தைக் கணினிகள் பார்க்கக்கூடாது என்று விதி வந்தது. வென்றதா, தோற்றதா என்பது மட்டும்தான்.

அந்த ஆறில் எனக்குப் பிடித்தது வெஸ் கொலி என்ற வானியற்பியலாளருடைய முறை. அதன் தொடக்கம் மிக அழகு: வெற்றியோடு 1ஐக் கூட்டு, ஆட்டத்தோடு 2ஐக் கூட்டு, வகு. ஒரு ஆட்டமும் ஆடாத அணிக்கு இரண்டில் ஒன்று. ஒரு ஆட்டம் ஆடி வென்றால் மூன்றில் இரண்டு. பன்னிரண்டு ஆடி பன்னிரண்டும் வென்றால் பதினான்கில் பதின்மூன்று. ஒரு ஆட்டத்தை வென்றவனை நூற்றுக்கு நூறு என்று கொண்டாடாமல், இன்னும் பார்ப்போம் என்று சொல்கிற சூத்திரம். லாப்பிளாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிகழ்தகவில் தந்த விதியிலிருந்து வந்தது. அதன் மேலே எதிரணியின் பலத்தைச் சேர்ப்பார்கள்.

அவ்வளவு துப்பரவான சூத்திரத்துக்கு 2010இல் என்ன நடந்தது தெரியுமா? கீழ்ப்பிரிவில் நடந்த ஒரே ஒரு ஆட்டத்தின் முடிவு தரவுக்குள் விழவில்லை. அதனால் பருவ இறுதிப் பட்டியலில் பத்தாம் இடத்தில் வரவேண்டிய பொய்சி ஸ்டேட் பதினோராம் இடத்துக்கும், பதினோராம் இடத்துக்குரிய லூசியானா ஸ்டேட் பத்துக்கும் மாறிப் போயின. வெளியே இருந்த ஒருவர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். கொலி தன் சூத்திரத்தை ஒளித்து வைக்காமல் எல்லோருக்கும் காட்டியிருந்ததால்தான் அது முடிந்தது. மற்றப் பட்டியல்களில் பெரும்பாலானவற்றை வெளியாள் சரிபார்க்க வழியில்லை. வழிமுறை காட்டாத விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை. 2014 முதல் ஒரு குழு கூடி நாலு அணிகளைத் தெரிவு செய்தது, 2024இல் அது பன்னிரண்டு ஆனது.

கேள்வி: தண்டனையாக ஒரு அணியின் பழைய வெற்றிகளை அழித்தால் அதைக் கணக்கில் எடுப்பதா, விடுவதா?
— சட்டத்தரணியின் எழுதுவினைஞர், மானிப்பாய்

பதில்: பென் ஸ்டேட் கல்லூரியில் நடந்தது இது. அங்கிருந்த துணைப் பயிற்றுநர் ஒருவர் சிறுவர்களுக்குச் செய்த கொடிய குற்றங்கள் வெளிவந்த பிறகு, 2012இல் அக்கல்லூரியின் 112 வெற்றிகளை ஏட்டிலிருந்து நீக்கினார்கள். 2015இல் அந்த 112ஐயும் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் தரவு இறக்கியவனுக்கு ஒரு எண், பிறகு இறக்கியவனுக்கு வேறு எண். தென் கலிபோர்னியாவின் 2004 பட்டத்தில் இன்னும் சிக்கல்: இறுதி ஆட்டத்தை நடத்தியவர்கள் பட்டத்தைப் பறித்தார்கள், அசோசியேட்டட் பிரஸ் பறிக்கவில்லை.

தண்டனை கொடுக்கத்தான் வேண்டும், பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு முன்னால் விளையாட்டு ஒன்றுமே இல்லை. ஆனால் நடந்த ஆட்டத்தை நடக்கவில்லை என்று எழுதுவது தண்டனை ஆகாது. தோற்றவனின் தோல்வியை ஆர் திருப்பிக் கொடுத்தார்கள்? அவன் பக்கத்தில் அது அப்படியே கிடக்கிறது. நான் வெற்றியை எழுதுவேன், பக்கத்தில் குற்றத்தையும் எழுதுவேன், இரண்டும் ஒரே வரியில் இருக்கும்.

கேள்வி: அமெரிக்காவை விடுங்கோ ரீச்சர். 'வடக்கின் பெரும் போர்' 1904இல் தொடங்கினது. எங்கட யாழ் மத்திய கல்லூரி பெரிசா, சென் ஜோன்ஸ் பெரிசா? அதுக்கும் ஒரு சூத்திரம் போடுங்கோ. அப்படியே எங்கட ஊர் உதைபந்தாட்டக் கழகங்களையும் வரிசைப்படுத்துங்கோ.
— பழைய மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: துடுப்பாட்டத்தில் அந்த இரண்டு கல்லூரிக்கும் சூத்திரம் தேவையில்லை. இருவரும் நேருக்கு நேர் ஆடுகிறார்கள், வெற்றி தோல்வி சமநிலை மூன்றையும் எண்ணினால் முடிந்தது. யுத்தத்தால் ஆடாமல் போன வருடங்களுக்கு வெறுங்கோடு போடுங்கள், பூச்சியம் போடவேண்டாம். நடக்காத ஆட்டமும் முடிவில்லாத ஆட்டமும் ஒன்றில்லை.

உதைபந்தாட்டத்தில்தான் எனக்கு ஆசை. குருநகர், நாவாந்துறை, பாசையூர், மயிலிட்டி, இளவாலை என்று கரையோரம் முழுவதும் பந்துதான். இங்கே சங்கிலி அறவில்லை, எல்லோரும் எல்லோரோடும் ஆடினார்கள். க, ச, ட, த சூத்திரம் இங்கே அப்படியே பொருந்தும். ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை ஒரு வரிசை போட்டால் எவ்வளவு வடிவாக வரும்!

என் அப்பா கந்தோர் வேலை முடிந்து சயிக்கிளில் மைதானம் மைதானமாகப் போவார். சீ.ஆர். கொப்பியில் திகதி, இடம், இரண்டு அணி, கோல் அடித்தவர், நடுவர் என்று ஐந்து நிரல். ஆட்டம் மழையால் நின்றால் சிவப்பு மையில் ஒரு கோடு. தோற்ற அணியின் பேரைத்தான் முதலில் எழுதுவார், ஏன் என்று நான் கேட்டதில்லை. ஏழு கொப்பிகள் இருந்தன. முடிவுகளைத் தபாலட்டையில் எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்புவார். கொப்பி தொலைந்தாலும் பேப்பரில் இருக்கும், பேப்பர் நூலகத்தில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1981 ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் விடிந்தபோது நூலகமும் இல்லை, 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்துபோய்க் கிடந்தது. அன்று அப்பா கொப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணி, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் ஊரை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது அப்பா உயிரோடு இல்லை. சனத்தோடு சனமாய் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தோம். அம்மாவை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையில் ஒரு பிஸ்கற் ரின் கொண்டுபோனேன். அதற்குள் உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், நகை கொஞ்சம். மிச்ச இடத்தில் இரண்டு கொப்பிதான் கொள்ளும். எந்த இரண்டு என்று இருட்டில் பார்க்க முடியவில்லை, மேலே கிடந்ததை எடுத்தேன். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது மேசையே இல்லை.

கையில் இருப்பது இரண்டாவது கொப்பியும் ஐந்தாவது கொப்பியும். இவை இரண்டையும் வைத்து ஒரு வரிசை போடலாம், சூத்திரம் விடை தரும். ஆனால் அந்த ஐந்து கொப்பிக்குள் கோல் அடித்த பொடியன்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஆகவே இப்போதைக்கு வரிசை தரமாட்டேன்.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியில், கழகத்துப் பெட்டியில், வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவின் பழைய அல்பத்தில், 1980க்கு முந்திய எந்த ஆட்டத்தின் துண்டுப்பிரசுரமோ, கோல் கணக்கு எழுதிய கடிதமோ, கிண்ணத்தோடு எடுத்த படத்தின் பின்பக்கத்தில் எழுதிய திகதியோ இருந்தால் படம் எடுத்து இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு அனுப்புங்கள். மூலத்தை அனுப்பவேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். வந்தவற்றை நான் ஐந்து நிரலில் எழுதி வைக்கிறேன். எட்டாவது கொப்பி வாங்கியாயிற்று.